ஃப்ரீ டிரேடர்: டிராவலர் விளையாட்டின் கடனில் ஓடும் கப்பல்

ஃப்ரீ டிரேடர் என்பது டிராவலர் என்னும் அமெரிக்க அறிவியல் புனைவுப் பாத்திரமேற்று விளையாட்டில் இடம்பெறும் கற்பனையான வணிக விண்கலம் ஆகும். விதிநூல் இதை 'ஏ வகைக் கப்பல்' என்று குறிப்பிடுகிறது. பின்னாளில் 'பியோவுல்ஃப் வகுப்பு' என்ற பெயரும் நிலைத்தது. பெரிய கப்பல் நிறுவனம் எதையும் சாராமல், கிடைத்த சரக்கை ஏற்றிக்கொண்டு ஒரு துறையிலிருந்து அடுத்த துறைக்குச் செல்லும் சிறு முதலாளியின் கப்பல் என்பது பெயரின் பொருள். விதிநூலில் இதற்கு ஒதுக்கப்பட்ட இடம் ஒரு பத்திதான். வேகம் குறைவு, ஆயுதம் கிடையாது, தோற்றத்திலும் தனி அழகு இல்லை. ஆனால் இந்தக் கப்பலை வாங்குபவர் 40 ஆண்டுகள் மாதத் தவணை கட்ட வேண்டும். டிராவலர் விளையாடியவர்கள் பல ஆண்டுகளுக்குப் பிறகும் இந்தக் கப்பலை நினைவில் வைத்திருப்பதற்குக் காரணம் அந்தத் தவணை.

தோற்றம்

பாத்திரமேற்று விளையாட்டில் பலகையோ காய்களோ கட்டாயமில்லை. ஒருவர் நடுவராக இருந்து உலகத்தையும் நிகழ்வுகளையும் விவரிப்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரத்தை ஏற்று, தாம் என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். முடிவு ஐயமாக இருக்கும் இடங்களில் பகடை தீர்மானிக்கும். 1974இல் வெளிவந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் இந்த வடிவத்தைப் பரவலாக்கியது. அதில் வீரர்கள் நிலத்தடிக் குகைகளுக்குள் இறங்கி, அரக்கர்களைக் கொன்று, புதையலை அள்ளிவருவார்கள்.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்து நார்மல் நகரில் 1973இல் தொடங்கப்பட்ட கேம் டிசைனர்ஸ் வொர்க்ஷாப் நிறுவனம், போர் உத்தி விளையாட்டுகளுக்குப் பெயர்பெற்றது. அதன் நிறுவனர்களுள் ஒருவரான மார்க் மில்லர் எழுதிய டிராவலர் 1977இல் வெளியானது. விண்வெளியைக் களமாகக் கொண்ட முதல் பாத்திரமேற்று விளையாட்டு அது அன்று. முந்தைய ஆண்டிலேயே வேறு சில வந்திருந்தன. ஆனால் நீடித்து நின்றது டிராவலர்தான். ஒரு கறுப்புப் பெட்டி, அதற்குள் மூன்று சிறிய கறுப்பு நூல்கள். முதலாவது கதாபாத்திரங்களும் சண்டையும், இரண்டாவது விண்கலங்கள், மூன்றாவது உலகங்களும் சாகசங்களும் பற்றியது.

அந்தப் பெட்டியின் மேல் படம் எதுவும் இல்லை. அதற்குப் பதிலாக, தாக்குதலுக்கு உள்ளான ஒரு கப்பலிலிருந்து வரும் அபயக்குரல் சில வரிகளில் அச்சிடப்பட்டிருந்தது. முதன்மை இயந்திரம் போய்விட்டது, ஒரு பீரங்கி மேடையிலிருந்து பதில் இல்லை, அறைக்குள் காற்றழுத்தம் வேகமாகக் குறைகிறது, யாராவது உதவுங்கள் என்பது அதன் சாரம். பேசும் கப்பலின் பெயர் ஃப்ரீ டிரேடர் பியோவுல்ஃப். போர்க்கப்பலையோ ஆய்வுக்கப்பலையோ தேர்ந்தெடுக்காமல் சரக்குக் கப்பல் ஒன்றைப் பெட்டியின் முகப்பில் நிறுத்தியதிலேயே இந்த விளையாட்டின் போக்கு தெரிந்துவிடுகிறது. இன்னொன்றையும் கவனிக்கலாம். விதிநூலின்படி ஏ வகைக் கப்பல் பீரங்கி மேடை இல்லாமல்தான் விற்கப்படுகிறது; பொருத்துவதற்கு இரண்டு இடங்கள் மட்டும் விடப்பட்டிருக்கும். ஆகவே பியோவுல்ஃபின் உரிமையாளர் கூடுதல் பணம் போட்டுப் பீரங்கி மேடை வாங்கியிருக்கிறார். அப்படியும் தப்பவில்லை.

கதைகளில் இருந்து வந்தவை

சிறு வணிகக் கப்பல் என்னும் கருத்தை மில்லர் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. ஐசக் அசிமோவின் ஃபவுண்டேஷன் கதைகளில் வணிகர்கள் பேரரசின் விளிம்பில் திரிகிறார்கள். ஆண்ட்ரே நார்ட்டன் 1955இல் எழுதத் தொடங்கிய சோலார் குவீன் கதைகள், பெரிய நிறுவனங்கள் விட்டுவைத்த மிச்ச வணிகத்தைத் தேடிச் செல்லும் ஒரு கப்பலையும் அதன் ஆட்களையும் பற்றியவை. பால் ஆண்டர்சனின் வணிகர் நிக்கோலஸ் வான் ரைன் அக்கால வாசகர்களுக்கு நன்கு தெரிந்தவர்.

மிக நேரடியான கடன் ஆங்கில எழுத்தாளர் ஈ. சி. டப் எழுதிய டுமரெஸ்ட் தொடரிலிருந்து வந்தது. 1967இல் தொடங்கிய அத்தொடரில் பணமுள்ளவர்கள் உயர்நிலைப் பயணம் செய்வார்கள். பணமில்லாத நாயகன், விலங்குகளை ஏற்றிச் செல்வதற்கான பெட்டியில் உறைய வைக்கப்பட்டு, விழிக்காமலேயே போகக்கூடிய ஆபத்துடன் கீழ்நிலைப் பயணம் செய்வான். இந்த வகுப்புப் பிரிவினையை டிராவலர் பெயர் உட்பட அப்படியே எடுத்துக்கொண்டது. டப்பின் கதைகளில் நாம் அந்தப் பெட்டிக்குள் படுத்திருப்பவனோடு இருக்கிறோம். டிராவலரில் பெட்டிகளை வைத்திருக்கும் கப்பலின் முதலாளியாக இருக்கிறோம். இந்த இடமாற்றம் சிறியதாகத் தோன்றினாலும் விளைவு பெரிது.

200 டன்னும் அதன் பங்கீடும்

டிராவலரில் டன் என்பது எடை அன்று. ஒரு டன் திரவ ஹைட்ரஜன் அடைத்துக்கொள்ளும் இடம், ஏறத்தாழ 14 கன மீட்டர். 1981ஆம் ஆண்டின் திருத்தப் பதிப்பின்படி ஏ வகைக் கப்பலின் 200 டன் இடமும் இவ்வாறு செலவாகிறது: இயந்திரங்களுக்கு 15, கட்டுப்பாட்டு அறைக்கு 20, கணினிக்கு 1, பீரங்கிக் கட்டுப்பாட்டுக்கு 2, எரிபொருளுக்கு 30, பத்துத் தங்கும் அறைகளுக்கு 40, இருபது உறைதூக்கப் பெட்டிகளுக்கு 10. மிச்சம் 82 டன் சரக்கறை. விமானி, பொறியாளர், மருத்துவர், பயணிகளைக் கவனிக்கும் ஸ்டூவர்டு என நான்கு பணியாளர்கள் ஆளுக்கோர் அறையில் இருந்தால், பயணிகளுக்கு ஆறு அறைகள் எஞ்சும்.

கப்பலின் இயந்திரம் ஒரு தாவலில் ஒரு பார்செக், அதாவது 3.26 ஒளியாண்டுத் தொலைவு செல்லும். அதற்குமேல் முடியாது. எவ்வளவு தூரம் தாவினாலும் தாவல் முடிய ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும் என்பது இந்தக் கற்பனை உலகின் அடிப்படை விதி. கப்பலைவிட வேகமாகச் செய்தி அனுப்பும் வழியும் கிடையாது. வானொலியும் தந்தியும் வருவதற்கு முந்தைய பாய்மரக் கப்பல் காலத்தின் நிலைமை இது. அடுத்த துறையில் விலை என்ன, கேட்போர் உண்டா என்பது போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரியும்.

ஒரு பார்செக் வரம்பு வணிகப் பாதையையும் தீர்மானிக்கிறது. 1979இல் வெளியான ஸ்பின்வார்டு மார்ச்சஸ் துணைநூலின் வரைபடத்தில், அடுத்தடுத்து ஒரு பார்செக் தொலைவிலேயே அமைந்த உலகங்களின் நீண்ட சங்கிலி ஒன்று உண்டு. ஏ வகைக் கப்பல்கள் அந்தச் சங்கிலியை விட்டு விலக முடியாது. கரையோரமாகவே செல்லும் தோணியைப் போல அவை ஓடின.

வரவும் செலவும்

கப்பலின் விலை 3 கோடியே 70 லட்சத்து 80 ஆயிரம் கிரெடிட். ஏற்கெனவே வரைபடம் தயாராக உள்ள வடிவமைப்பு என்பதால் தரப்படும் 10% தள்ளுபடி போகத்தான் இந்த விலை. ஐந்தில் ஒரு பங்கான 74,16,000 கிரெடிட்டை முன்பணமாகக் கட்ட வேண்டும். பிறகு விலையில் 240இல் ஒரு பங்கு, அதாவது 1,54,500 கிரெடிட், 480 மாதங்களுக்குத் தவணை. கணக்கிட்டுப் பார்த்தால் ஆண்டு வட்டி சுமார் 5.5% வருகிறது. 1977இன் அமெரிக்க வீட்டுக் கடன் வட்டியைவிட இது குறைவு. கற்பனை வங்கியைக் கந்துவட்டிக்காரர் என்று சொல்ல முடியாது. ஆனாலும் 40 ஆண்டு முடிவில் கட்டிய மொத்தத் தொகை விலையைப்போல் 2.2 மடங்கு ஆகிவிடும்.

வருமானம் என்ன? சரக்குக் கூலி டன்னுக்கு 1,000 கிரெடிட். உயர்நிலைப் பயணி 10,000, நடுநிலைப் பயணி 8,000, உறைதூக்கத்தில் செல்லும் கீழ்நிலைப் பயணி 1,000 தருவார்கள். ஒரு வாரம் தாவல், ஒரு வாரம் துறைமுகம் என்று வைத்தால் மாதத்துக்கு இரண்டு பயணம். சரக்கறை நிரம்பி, ஆறு அறைகளிலும் உயர்நிலைப் பயணிகள் இருந்து, இருபது பெட்டிகளிலும் ஆள் இருந்தால் ஒரு பயணத்துக்கு 1,62,000. மாதம் 3,24,000 கிரெடிட்.

செலவுப் பக்கத்தில் தவணையோடு சம்பளம் 15,000 சேரும். விமானிக்கு 6,000, பொறியாளருக்கு 4,000, ஸ்டூவர்டுக்கு 3,000, மருத்துவருக்கு 2,000. ஆள் தங்கும் ஒவ்வோர் அறைக்கும் பயணத்துக்கு 2,000 கிரெடிட் உயிர்காப்புச் செலவு. பத்து அறைகளுக்கு மாதம் 40,000. பெட்டிகளுக்கு 4,000. சுத்திகரித்த எரிபொருள் டன் 500 வீதம் இரு பயணத்துக்கு 30,000. ஆண்டுப் பராமரிப்பு விலையில் 0.1%, மாதத்துக்குப் பிரித்தால் 3,090. துறைமுகக் கட்டணம் 200. மொத்தம் 2,46,790.

ஆக, முழுக்க நிரம்பிய கப்பல் மாதம் 77,210 கிரெடிட் மிச்சம் பிடிக்கும். பாதி நிரம்பினால் என்ன ஆகும்? வரவு 1,62,000 ஆகச் சரியும். பயணிகள் குறைவதால் உயிர்காப்புச் செலவில் 14,000 மட்டுமே குறையும். தவணையும் சம்பளமும் எரிபொருளும் அப்படியே நிற்கும். செலவு 2,32,790, நட்டம் 70,790. கையைக் கடிக்காமல் இருக்கக் கப்பல் எப்போதும் நான்கில் மூன்று பங்காவது நிரம்பியிருக்க வேண்டும். ஆண்டுக்கு இரண்டு வாரம் பராமரிப்புக்காக நிற்கும் காலத்தில் வரவே கிடையாது.

நான்கில் மூன்று பங்கு என்பது பெரிய உலகங்களில் கிடைத்துவிடும். மக்கள்தொகை குறைந்த உலகத்தில் சரக்கையும் பயணிகளையும் தீர்மானிக்கும் பகடை கஞ்சத்தனம் காட்டும். ஒரு பார்செக் வரம்பினால் அத்தகைய உலகங்களைத் தாண்டிப் போகவும் இந்தக் கப்பலுக்கு வழியில்லை. ஒழுங்காகத் தொழில் செய்தால் நட்டம் வரலாம், துணிந்தால் தப்பலாம் என்ற எல்லைக்கோட்டின் மேலேயே இந்த எண்கள் நிற்கின்றன.

மிச்சம் பிடிக்கும் வழிகள்

முதல் வழி எரிபொருள். சுத்திகரிக்காத எரிபொருள் டன் 100 கிரெடிட்தான். கப்பலின் உடல் காற்றைக் கிழித்துச் செல்லும் வடிவம் உடையது என்பதால், வாயுக் கோளின் மேல்மண்டலத்தில் பாய்ந்து ஹைட்ரஜனை இலவசமாகவே அள்ளிவரலாம். மாதம் 30,000 மிச்சம். ஆனால் சுத்திகரிக்காத எரிபொருளால் இயந்திரம் கெடலாம், தாவல் தவறலாம். தவறிய தாவல் கப்பலை 36 பார்செக் தொலைவு வரைகூட எங்கோ கொண்டுபோய் எறியும். ஒவ்வொரு பார்செக்காக மட்டுமே நகரக்கூடிய கப்பலுக்கு அது பெரும்பாலும் மரண தண்டனை.

இரண்டாவது வழி உறைதூக்கப் பெட்டிகள். ஒரு பெட்டிக்குச் செலவு 100, வரவு 1,000. இதைவிட நல்ல இலாபம் கப்பலில் வேறு எதிலும் இல்லை. ஆனால் துறை சேர்ந்ததும் ஒவ்வொரு பயணிக்கும் இரண்டு பகடை உருட்டப்படும். 5 அல்லது அதற்கு மேல் விழுந்தால் விழிப்பார், இல்லையென்றால் இறந்துவிட்டார். இறப்பதற்கான வாய்ப்பு 36இல் 6. இருபது பேரை ஏற்றினால் சராசரியாக மூன்று பேர் விழிக்க மாட்டார்கள். தேர்ந்த மருத்துவர் இருந்தால் பகடைக்கு ஒன்று கூடும். வாய்ப்பு 36இல் 3 ஆகக் குறையும். அரைகுறை மருத்துவரால் பயனில்லை.

இத்துடன் விதிநூல் ஒரு வழக்கத்தையும் விவரிக்கிறது. கீழ்நிலைப் பயணி ஒவ்வொருவரின் கட்டணத்திலிருந்தும் 10 கிரெடிட் பொதுக் குவியலுக்குப் போகும். எத்தனை பேர் உயிரோடு எழுவார்கள் என்று ஒவ்வொருவரும் ஊகித்துச் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னவருக்குப் பணம். அவர் எழவில்லையென்றால் அது கேப்டனுக்கு. இறந்தவர்களை எண்ணிப் பந்தயம் கட்டும் இந்த லாட்டரி விதிநூலில் எந்த உணர்ச்சியும் இல்லாமல், சரக்குக் கூலியைச் சொல்லும் அதே தொனியில் சொல்லப்படுகிறது. டிராவலர் விதிகளில் இதைவிடக் கொடூரமான பகுதி வேறில்லை. மேசையைச் சுற்றி அமர்ந்த ஆட்டக்காரர்கள் தவணைக்குப் பணம் குறையும்போது இருபது பெட்டிகளையும் நிரப்புவதா வேண்டாமா என்று பேசத் தொடங்குவார்கள். எந்த அரக்கனும் இல்லாமலேயே அவர்கள் முன் ஓர் அறச்சிக்கல் வந்துவிடுகிறது.

மூன்றாவது வழி ஊக வணிகம். கூலிக்குச் சுமக்காமல் சொந்தப் பணத்தில் சரக்கை வாங்கி, அடுத்த துறையில் விற்கலாம். விலை அடிப்படை மதிப்பில் 40% முதல் 400% வரை எங்கும் விழலாம். இதில் பணக்காரர் ஆனவர்களும் உண்டு, அடுத்த தவணைப் பணத்தை இழந்தவர்களும் உண்டு.

எல்லாம் தோற்றால் கப்பலோடு தலைமறைவாகலாம். தவணை கட்டாமல் ஓடுபவர்களையும் அவர்களைத் தேடிவரும் பறிமுதல் முயற்சிகளையும் விதிகள் முன்கூட்டியே எதிர்பார்த்திருக்கின்றன. அதற்கு முந்தைய படி, துறைமுக மதுக்கடையில் சந்திக்கும் அறிமுகமற்ற ஒருவர் தரும் வேலையை ஏற்பது. என்ன பெட்டி, ஏன் இரவில் ஏற்ற வேண்டும் என்று கேட்காமல் இருந்தால் நல்ல பணம். விதிநூல் இவர்களைப் புரவலர்கள் என்கிறது. 1980இல் இத்தகைய புரவலர்களுக்காகவே ஒரு துணைநூல் வந்தது. டிராவலர் சாகசங்களில் கணிசமானவை இப்படித்தான் தொடங்கின. குகைக்குள் ஏன் போக வேண்டும் என்பதற்கு டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் சொன்ன விடை புதையல். டிராவலர் சொன்ன விடை மாதக் கடைசி.

கப்பல் கிடைக்கும் விதம்

முன்பணமாக 74 லட்சம் எந்த ஆட்டக்காரரிடமும் இருக்காது. கப்பல் பெரும்பாலும் ஓய்வுப் பயனாக வந்தது. டிராவலரில் கதாபாத்திரம் இளைஞனாகத் தொடங்குவதில்லை. 18 வயதில் கடற்படை, தரைப்படை, வணிகக் கப்பல் பணி போன்ற ஒன்றில் சேர்ந்து, நான்கு ஆண்டுப் பணிக்காலங்களைப் பகடையால் கடந்து, ஓய்வுபெறும் இடத்தில்தான் ஆட்டம் தொடங்கும். தொடக்க விதிகளின்படி இந்தக் கட்டத்திலேயே கதாபாத்திரம் இறந்தும் போகலாம்.

வணிகப் பணியில் உயர் பதவி அடைந்து, ஓய்வின்போது பகடையும் கைகொடுத்தால் ஃப்ரீ டிரேடர் கிடைக்கும். முன்பணம் இல்லை, தவணை மட்டும் உண்டு. அதே பயன் மறுமுறை விழுந்தால் பத்தாண்டுத் தவணை கழியும், கப்பலுக்கும் பத்து வயது கூடும். ஐந்து பணிக்காலம் முடித்து 38 வயதில் கப்பலோடு வெளியேறும் ஒருவர் தவணை முடிக்கும்போது அவருக்கு வயது 78. இந்த விளையாட்டில் முதுமையின் தளர்ச்சி 34 வயதிலேயே தொடங்குகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பொருளியல் விமர்சனம்

இந்தக் கணக்கில் ஓட்டை இல்லாமல் இல்லை. கூலி தொலைவுக்குத் தரப்படாமல் தாவலுக்குத் தரப்படுகிறது. ஒரு பார்செக் போனாலும் மூன்று பார்செக் போனாலும் டன்னுக்கு 1,000தான். நெடுந்தூரம் தாவும் கப்பலுக்கு இயந்திரமும் எரிபொருளும் அதிக இடத்தை விழுங்கும், சரக்கறை சுருங்கும், வருமானமும் சுருங்கும். அதனால் விதிகளின்படி மெதுவான கப்பலே இலாபகரமானது என்ற விசித்திரம் விளைந்தது. மில்லர் இதை வேண்டுமென்றே செய்தாரோ இல்லையோ, சிறு கப்பலுக்கு வாழ்வு கொடுத்தது இந்தக் குறைதான். 1999இல் வெளியான குர்ப்ஸ் டிராவலர் வரிசையின் ஃபார் டிரேடர் நூல், உலகங்களின் பொருளாதார அளவையும் இடைத்தூரத்தையும் கொண்டு வணிகத்தைக் கணிக்கும் ஈர்ப்பு மாதிரியைப் பயன்படுத்தி இதைச் சீராக்க முயன்றது. கணக்கு நம்பத்தக்கதாக ஆயிற்று. ஆனால் இரவு நேர ஆட்ட மேசைக்கு அது கனமானது.

விண்மீன்களுக்கு இடையிலான வணிகத்தை டிராவலருக்கு வெளியிலும் ஒருவர் அதே காலத்தில் எண்ணிப் பார்த்தார். பொருளியலாளர் பால் குருக்மன் 1978இல் ஒளிவேகத்துக்கு நெருக்கமாகச் செல்லும் கப்பலில் சரக்குக்கான வட்டியை எந்தக் கடிகாரத்தின்படி கணக்கிடுவது என்று பாதி வேடிக்கையாக ஒரு கட்டுரை எழுதினார். கப்பலின் கடிகாரம் அன்று, கோளின் கடிகாரமே செல்லும் என்பது அவர் முடிவு. டிராவலரில் தாவலுக்கு ஒரு வாரம் என்று விதித்துவிட்டதால் மில்லருக்கு இந்தத் தலைவலி வரவில்லை.

பிற்காலம்

அரசு உதவி பெற்று, ஒதுக்கப்பட்ட பாதையில் ஓடும் 400 டன் மானியக் கப்பல் விதிநூலில் ஃப்ரீ டிரேடரின் அண்டை வீட்டுக்காரர். அதன் மொத்த வரவில் பாதியை அரசு எடுத்துக்கொள்ளும். 1983இல் வந்த டிராவலர் அட்வெஞ்சர் என்ற நீண்ட கதைத்தொகுப்பு மார்ச் ஹாரியர் என்ற அத்தகைய கப்பலை மையமாகக் கொண்டது. இரண்டு பார்செக் தாவும் ஃபார் டிரேடரும் புகழ்பெற்றது. எரிபொருளுக்கு அதிக இடம் கொடுத்துச் சரக்கறையைக் குறைத்துக்கொண்ட வடிவமைப்பு அது.

1984இல் பிரிட்டனில் வெளியான எலைட் என்னும் கணினி விளையாட்டிலும் தனி வணிகர் விண்மீன்களுக்கிடையே சரக்கு விற்கிறார். ஆட்டக்காரருக்கு அதில் தரப்படும் தொடக்கப் பெயர் ஜேம்சன். டிராவலரின் முதல் நூலில் கதாபாத்திரம் உருவாக்கக் காட்டப்படும் உதாரண வணிகக் கேப்டனின் பெயர் ஜேமிசன். இரசிகர்கள் இந்த ஒற்றுமையைச் சுட்டிக்காட்டாமல் விடுவதில்லை. ஆனால் எலைட்டில் கப்பல் சொந்தம்; கடன் இல்லை; கையில் 100 கிரெடிட்டும் உண்டு. அங்கே வணிகர் மேலும் சேர்ப்பதற்காக ஓடுகிறார்.

டிராவலரின் 1993ஆம் ஆண்டுப் பதிப்பில் பேரரசே வீழ்ந்து, விண்வணிகம் சிதைந்துவிட்டது. தவணை கேட்க வங்கி இல்லாத அந்த உலகில் ஃப்ரீ டிரேடருக்குப் பெரிய வேலை இருக்கவில்லை. 1996இல் கேம் டிசைனர்ஸ் வொர்க்ஷாப் மூடப்பட்டது. 2008இல் பிரிட்டனின் மங்கூஸ் பப்ளிஷிங் வெளியிட்ட பதிப்பில் வங்கியும் தவணையும் திரும்பின. ஓய்வுபெறும் கதாபாத்திரங்கள் பலர் கப்பல் பங்குகளைப் பெற்று, ஒன்றுசேர்த்துக் கடனைக் குறைக்கும் முறை அதில் சேர்க்கப்பட்டது. ஒருவர் தலையில் இருந்த கடன் இவ்வாறு மேசையிலுள்ள அனைவருக்கும் பொதுவாயிற்று. ஏ வகைக் கப்பல் அப்போதும் 200 டன்னாகவே, ஒரு பார்செக் தாவுவதாகவே இருந்தது. டிராவலரின் வரலாற்றைச் சொல்லும் நூலொன்றை 2024இல் ஷானன் ஆப்பெல்கிளைன் எழுதினார். அந்த நூலுக்குத் தலைப்பாக அமைந்தது, 1977ஆம் ஆண்டுப் பெட்டியின் மேல் உதவி கேட்ட அதே கப்பலின் பெயர்.